நகரப் பசுமை யாருக்காக?

நகரத்தில் பூங்காவும் மரமும் குளமும் வேண்டும் என்பதில் இன்று கருத்து வேறுபாடு அநேகமாக இல்லை. ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும், கட்டுமான நிறுவனங்களும் சூழல் ஆர்வலர்களும் ஒத்துப்போகும் பொருள்கள் மிகச் சில. அவற்றில் இது ஒன்று. சிக்கல் அடுத்த கேள்வியில் தொடங்குகிறது. ஒரு வட்டாரத்தில் அமையும் பசுமைவெளியின் பயன் அங்கே குடியிருப்பவர்களுக்குப் போய்ச் சேருகிறதா? சேர வேண்டுமென்றால் திட்டமிடல் எதிலிருந்து தொடங்க வேண்டும்: மக்களின் உடல்நலத்திலிருந்தா, தலைக்கு இத்தனை சதுர மீட்டர் என்ற கணக்கிலிருந்தா, நிலத்தின் நீரோட்டத்திலிருந்தா, நிலத்தின் மீதான உரிமையிலிருந்தா?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொட்டு இதற்குப் பல விடைகள் சொல்லப்பட்டு வந்துள்ளன. ஒவ்வொன்றும் அது பிறந்த காலத்தின் நெருக்கடியைச் சுமந்து வந்தது. முந்தைய விடை கவனிக்காமல் விட்ட ஒன்றைச் சுட்டிக்காட்டியது. தானும் ஒன்றைக் கவனிக்காமல் விட்டது. இக்கட்டுரை அவற்றில் ஐந்து நிலைப்பாடுகளை வரிசைப்படுத்தி, அவற்றின் பிறப்பையும் பலவீனங்களையும் பார்க்கிறது. சென்னை முதன்மை எடுத்துக்காட்டாக வருகிறது. காலனியப் பூங்கா, தூர்க்கப்பட்ட ஏரி, சதுப்பு நிலம், ஆற்றங்கரை மறுகுடியமர்வு ஆகிய எல்லாமே ஒரே நகரத்தில் கூடியிருப்பதால், எல்லா வாதங்களையும் அங்கே சோதித்துப் பார்க்க முடிகிறது.

பூங்கா ஒரு மருந்து

தொழிற்புரட்சி இங்கிலாந்தின் நகரங்களைப் புகையாலும் நெரிசலாலும் நிரப்பியபோது, பூங்கா ஒரு பொதுச் சுகாதார ஏற்பாடாக முன்வைக்கப்பட்டது. லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள பர்க்கன்ஹெட் நகரில், ஜோசப் பாக்ஸ்டன் வடிவமைத்த பூங்கா 1847இல் திறக்கப்பட்டது. பொதுப்பணத்தில் உருவாகி, கட்டணமின்றி எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட தொடக்கக்காலப் பூங்காக்களில் அது ஒன்று. சுற்றியிருந்த மனைகளை விற்ற பணம் செலவில் கணிசமான பகுதியை ஈடுகட்டியது. பூங்கா வந்தால் பக்கத்து மனையின் விலை ஏறும் என்ற பாடம் அப்போதே கற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

1850இல் பர்க்கன்ஹெட்டைப் பார்த்துச் சென்ற ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட், பிறகு கால்வர்ட் வாக்ஸுடன் சேர்ந்து நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்தார். ஏழையும் பணக்காரரும் ஒரே புல்வெளியில் நடக்கும் இடம் என்பது அவருடைய கனவு. அந்த நிலத்தில் ஏற்கெனவே குடியிருந்த ஏறத்தாழ 1,600 பேர் 1857 வாக்கில் வெளியேற்றப்பட்டனர். அவர்களில் ஒரு பகுதியினர், கறுப்பின மக்கள் சொந்த நிலம் வாங்கி வீடும் தேவாலயமும் கட்டி வாழ்ந்த செனெகா கிராமத்தைச் சேர்ந்தவர்கள். எல்லோருக்குமான பூங்காவின் தொடக்கத்திலேயே சிலரின் வெளியேற்றமும் இருந்தது.

சென்னைக்கும் இந்தச் சிந்தனை தாமதமின்றி வந்தது. ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யான் 1859இல் பெரியமேட்டை ஒட்டி 116 ஏக்கரில் பீப்பிள்ஸ் பார்க்கை ஏற்படுத்தினார். குளங்களும் உலாவும் பாதைகளும் விலங்குக் காட்சிசாலையும் அதில் இருந்தன. அதன் பின்வரலாறுதான் திட்டமிடுபவர்களுக்கு முக்கியமானது. விக்டோரியா பொது மண்டபம், 1900இல் மூர் மார்க்கெட், 1913இல் ரிப்பன் மாளிகை, பின்னர் விளையாட்டரங்கு என ஒவ்வொரு பொதுக் கட்டடமும் பூங்காவிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டது. எஞ்சியிருந்த காட்சிசாலையும் 1985இல் வண்டலூரில் திறக்கப்பட்ட உயிரியல் பூங்காவுக்குப் போய்விட்டது. தனியார் ஆக்கிரமிப்பு ஏதும் இல்லாமலேயே, ‘பொது நோக்கம்’ என்ற பெயரில் ஒரு பூங்கா கரைந்துபோக முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. பூங்காவுக்கென ஒதுக்கிய நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று பெங்களூரு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 1991இல் தீர்ப்பளித்தது. அந்தப் பாதுகாப்பு பீப்பிள்ஸ் பார்க்கின் காலத்தில் கிடையாது.

பூங்கா உடல்நலம் தரும் என்ற நம்பிக்கைக்கு அறிவியல் சான்று தேடும் முயற்சி இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தீவிரமானது. பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில், சன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள் செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சற்று விரைவில் வீடு திரும்பினர் என்று ரோஜர் உல்ரிச் 1984இல் எழுதினார். புகழ்பெற்ற அந்த ஆய்வில் இருந்தவர்கள் வெறும் 46 பேர். 2008இல் ரிச்சர்டு மிட்செலும் ஃபிராங்க் போப்ஹமும் இங்கிலாந்து முழுவதற்குமான தரவுகளைக் கொண்டு, பசுமை மிகுந்த பகுதிகளில் ஏழை-பணக்காரர் இடையிலான உடல்நல இடைவெளி குறைவாக இருப்பதாகக் காட்டினர். இவ்வகை ஆய்வுகள் தொடர்பைக் காட்டுமே தவிர, காரணத்தை உறுதிசெய்யா. பசுமைப் பகுதிக்கு நலமாக இருப்பவர்களே குடிபோகிறார்களா என்ற ஐயம் எப்போதும் எஞ்சும்.

அந்த ஐயத்தைப் பெருமளவு தீர்த்தது ஃபிலடெல்ஃபியா நகரில் நடந்த சோதனை. கேட்பாரற்றுக் கிடந்த 541 காலிமனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலவற்றில் குப்பையை அகற்றிப் புல்லும் சில மரங்களும் நட்டார்கள். சிலவற்றில் குப்பையை மட்டும் அகற்றினார்கள். மற்றவற்றை அப்படியே விட்டார்கள். புல்லும் மரமும் வந்த மனைகளை அடுத்து வாழ்ந்தவர்களிடையே மனச்சோர்வு உணர்வு 41.5 விழுக்காடு குறைந்ததாக 2018இல் வெளியான முடிவு தெரிவித்தது. பெரும் பூங்கா ஏதும் இன்றி, எளிய வேலையிலேயே பலன் தெரிந்தது கவனிக்கத்தக்கது. ஆயினும் அமெரிக்க நகர் ஒன்றின் முடிவை, வெயிலும் கொசுவும் நெரிசலும் வேறாக உள்ள தென்னிந்திய நகரத்துக்கு அப்படியே பொருத்துவதில் நிதானம் தேவை.

எண் என்னும் அளவுகோல்

பூங்கா நல்லது என்று ஒப்புக்கொண்ட பின், எவ்வளவு வேண்டும் என்ற கேள்வி வருகிறது. அதிகாரிகளுக்குக் கணக்கு தேவை. அளவிடக்கூடியதையே சட்டமாக்க முடியும். இந்திய அரசின் 2014ஆம் ஆண்டு நகரத் திட்டமிடல் வழிகாட்டி, தலைக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளியைப் பரிந்துரைக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு பரப்பைவிடத் தூரத்தை முன்னிறுத்துகிறது: வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள் அரை முதல் ஒரு ஹெக்டேர் பசுமைவெளி. 2021இல் சீசில் கோனைனென்டைக் முன்வைத்த ‘3-30-300’ விதி இரண்டையும் இணைக்கிறது: வீட்டிலிருந்து பார்த்தால் மூன்று மரங்கள், வட்டாரத்தில் 30 விழுக்காடு மரநிழல், 300 மீட்டருக்குள் பூங்கா.

தமிழ்நாட்டில் எண் சார்ந்த அணுகுமுறைக்கு நாம் அன்றாடம் காணும் வடிவம் ‘ஓ.எஸ்.ஆர். நிலம்’. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவோ கட்டுமானமோ வந்தால், சாலை நீங்கலாகப் பத்து விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதித் தர வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் நிலத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணமாகவும் கட்டிவிடலாம். விதி தெளிவானது, பல பகுதிகளில் இன்று ஒரு விளையாட்டுத் திடலாவது மிஞ்சியிருப்பதற்கு இதுவே காரணம். ஆனால் பத்து விழுக்காடு எந்த மூலையில் விழுகிறது என்பதை மனைப்பிரிவின் வரைபடமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. உயரழுத்த மின்கம்பிக்குக் கீழே, பள்ளத்தில், மனையாக விற்க முடியாத முக்கோணத் துண்டில் அது விழுந்தாலும் கணக்கு சரியாகிவிடும். பணமாகக் கட்டினாலோ அந்த வட்டாரத்தில் நிலமே மிஞ்சாது.

மரக்கன்றுக் கணக்குக்கும் இதே குறை உண்டு. தமிழ்நாட்டின் காடு மற்றும் மரப் பரப்பை 23.7 விழுக்காட்டிலிருந்து 33 ஆக உயர்த்தும் இலக்கோடு பசுமைத் தமிழகம் இயக்கம் 2022இல் தொடங்கப்பட்டது. இலக்கு பாராட்டுக்குரியது. ஆனால் எங்கே நடுவது, எதை நடுவது என்பது எண்ணிக்கையில் அடங்காத கேள்வி. ஜப்பானியத் தாவரவியலாளர் அக்கிரா மியாவாக்கி வகுத்த அடர்நடவு முறை, ஒரு சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்றுகள் என்ற அளவில், சென்னை மாநகராட்சியின் சிறு இடங்களில் பரவலாகக் கையாளப்படுகிறது. குப்பை கொட்டப்பட்ட இடத்துக்கு அது நல்ல மாற்றாக இருக்கக்கூடும். புல்வெளி, முட்புதர்க்காடு, சதுப்பு போன்ற இடங்களில் நெருக்கமாக மரம் நடுவது, அந்த இடத்துக்கே உரிய உயிர்ச்சூழலை அழிப்பதாகச் சூழலியலாளர் பலர் எச்சரிக்கின்றனர். நன்மங்கலம் போன்ற புதர்க்காட்டைப் பார்த்து ‘மரமில்லாத வெற்றிடம்’ என்று நினைப்பது எண் மட்டும் தெரிந்த கண்ணின் கோளாறு. தழைத்து நிற்பதெல்லாம் நன்மை தருவதுமில்லை. ஏரிகளை மூடிய சீமைக் கருவேலத்தை அகற்ற 2017இல் உயர் நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது.

எண்ணின் ஆகப் பெரிய பலவீனம், அது சராசரியைச் சொல்லிப் பங்கீட்டை மறைப்பது. சுமார் 270 ஹெக்டேர் கொண்ட கிண்டி தேசியப் பூங்கா நகரின் பசுமைக் கணக்கைத் தூக்கி நிறுத்துகிறது. அதனால் வியாசர்பாடியின் ஒரு சந்தில் நிழல் கூடிவிடுவதில்லை.

நிலம் காட்டும் வழி

மூன்றாவது நிலைப்பாடு பூங்காவை விட்டு நிலத்தைப் பார்க்கிறது. எங்கே நீர் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, எந்த மண் எதைத் தாங்கும் என்று முதலில் படித்து, கட்டடத்துக்கான இடத்தைக் கடைசியில் குறிக்க வேண்டும் என்பது இதன் சாரம். இயன் மெக்ஹார்க் 1969இல் எழுதிய நூல் இதற்கு ஒரு முறைமையை வகுத்தது: மண், சரிவு, வெள்ளம், தாவரம் என ஒவ்வொன்றுக்கும் வரைபடம் போட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பது.

தமிழ்நாட்டில் இதே கருத்தை அதற்கு அரை நூற்றாண்டு முன்பே ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெடிஸ் 1914இல் சென்னைக்கு வந்தார். அவருடைய நகரத் திட்டமிடல் கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை, சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசிய அதே எம்டன் போர்க்கப்பல் மூழ்கடித்தது; புதிதாகத் திரட்டிய பொருள்களோடு 1915இல் கண்காட்சி நடந்தது. மாகாணத்தின் பல ஊர்களைப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். கொசுவுக்காகக் குளங்களைத் தூர்க்கும் அன்றைய சுகாதார யோசனையை அவர் ஏற்கவில்லை. குளம் ஊரைக் குளிர்விக்கிறது. தூய்மைப்படுத்தி மீனும் வாத்தும் விட்டால் கொசு அடங்கும் என்பது அவர் வாதம். 1920இல் சென்னை நகரத் திட்டமிடல் சட்டம் வந்தது. ஆனால் அதே பத்தாண்டில் மாம்பலம் ஏரி தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் எழுந்தது. நடுவே பனகல் பூங்கா அழகாக அமைந்தது. நீர்நிலையை எடுத்துக்கொண்டு அதன் இடத்தில் புல்வெளி தருவது அப்போது முன்னேற்றமாகவே கருதப்பட்டது. 2021 நவம்பர் மழையில் அந்தப் பகுதித் தெருக்களில் நின்ற தண்ணீர், தூர்த்த ஏரியின் கணக்கு இன்னும் தீரவில்லை என்பதைக் காட்டியது.

இந்த நிலைப்பாடு இன்று ‘பஞ்சு நகரம்’ என்ற பெயரில் உலகெங்கும் பேசப்படுகிறது. சீனாவில் கொங்ஜியன் யூ போன்ற நிலவடிவமைப்பாளர்களின் வாதத்தைத் தொடர்ந்து 2015இல் 16 நகரங்களில் முன்னோட்டத் திட்டங்கள் தொடங்கின. சிங்கப்பூர், காங்கிரீட் வாய்க்காலாக இருந்த காலாங் ஆற்றின் ஒரு பகுதியை உடைத்து, வளைந்து ஓடும் இயற்கை ஆறாக மாற்றி, 2012இல் பீஷான் பூங்காவாகத் திறந்தது. சென்னையிலும் பூங்காக்களுக்குள் மழைநீரைத் தேக்கும் பள்ளங்கள் வெட்டப்பட்டுள்ளன. கிண்டி குதிரைப் பந்தயத் திடலின் குத்தகை 2024இல் ரத்தான பிறகு அங்கும் குளங்கள் வெட்டப்பட்டன.

இதன் எல்லையும் தெரிந்ததே. பஞ்சு நகரமாக்கப் பெரும்பணம் செலவிட்ட சீனாவின் ஜெங்ஜோவ் நகரம் 2021 ஜூலையில் கொட்டிய பெருமழையில் மூழ்கியது. அளவான மழையை உறிஞ்சும் ஏற்பாடு அசாதாரண மழைக்கு ஈடுகொடுக்காது. அப்படி ஈடுகொடுக்கும் என்று விளம்பரப்படுத்துவதும் தவறு.

இன்னொரு பலவீனம் வடிவமைப்பின் நுணுக்கத்தில் இருக்கிறது. ஓர் ஏரி என்பது வரத்துக்கால், நீர்ப்பரப்பு, கரை, மதகு, கலங்கல் எல்லாம் சேர்ந்த ஏற்பாடு. நீர் ஏறி இறங்கும் ஆழமற்ற ஓரம்தான் அதில் மிக உயிர்ப்பான பகுதி. கோரையும் சம்பும் அங்கேதான் முளைக்கும். நாமக்கோழியும் தாழைக்கோழியும் அங்கேதான் கூடுகட்டும். மாடு இறங்கித் தண்ணீர் குடிப்பதும் அங்கேதான். ஏரிச் சீரமைப்பு என்ற பெயரில் அந்த ஓரத்தை வெட்டி ஆழப்படுத்தி, செங்குத்தாகக் கல் பதித்து, மேலே நடைபாதையும் விளக்கும் போட்டால், ஒளிப்படத்தில் ஏரி அழகாக இருக்கும். ஏரியின் வேலை பாதி நின்றுபோயிருக்கும். வரத்துக்காலைத் திறக்காமல் கரையை மட்டும் அழகுபடுத்திய ஏரிகளில் நிரம்புவது பெரும்பாலும் சாக்கடையே.

பொது நிலம், பொது உரிமை

நான்காவது நிலைப்பாடு, வடிவமைப்பை விட்டுவிட்டு உரிமையைக் கேட்கிறது. மேய்ச்சல் நிலம், மந்தைவெளி, தோப்பு, ஏரி, கழிமுகம் எல்லாம் ஒருகாலத்தில் பயன்பாட்டால் அறியப்பட்டவை. வருவாய்த் துறைப் பதிவேட்டில் அவை வரி தராத நிலமாக, புறம்போக்காக ஆயின. வரி தராததைப் பயனற்றது என்று கருதும் மனப்பழக்கமே குப்பைமேட்டையும் அனல்மின் நிலையச் சாம்பலையும் அங்கே கொண்டுபோய்க் கொட்ட வைத்தது என்பது இத்தரப்பின் வாதம். எண்ணூர்க் கழிமுகத்துக்காக 2017இல் வந்த புறம்போக்குப் பாடல் இந்த வாதத்தைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தது. சிற்றூர்ப் பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்க மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் உத்தரவிட்டது.

கோட்பாட்டளவில் இதற்கு வலுச்சேர்த்தவர் எலினார் ஆஸ்ட்ரம். பொது வளம் என்றால் அழிந்தே தீரும் என்று காரெட் ஹார்டின் 1968இல் எழுதியதை மறுத்து, பயன்படுத்துவோரே விதி வகுத்துக் காத்துவரும் வளங்கள் உலகில் பல உண்டு என்று 1990இல் வெளியான நூலில் காட்டினார். 2009இல் நோபல் பரிசு பெற்றார். ஊரார் கூடி ஏரி, கண்மாய்களைப் பராமரிக்கும் தமிழகத்தின் குடிமராமத்து முறை இதற்கு எடுத்துக்காட்டாகப் பெருமிதத்தோடு அடிக்கடி காட்டப்படுகிறது. அரசும் அதே பெயரில் 2017இல் ஒரு திட்டத்தை நடத்தியது.

அந்தப் பெருமிதத்தைக் கவனமாகக் கையாள வேண்டும் என்று எச்சரித்தவர் மானிடவியலாளர் டேவிட் மாஸ். சிவகங்கைப் பகுதிக் கண்மாய்களை ஆராய்ந்து 2003இல் அவர் எழுதிய நூல், ஏரி நிர்வாகம் சமத்துவமான கூட்டுழைப்பாக இருந்ததில்லை, சாதியும் அதிகாரமும் கோயில் மரியாதையும் பின்னிய ஏற்பாடாகவே இருந்தது என்று காட்டியது. நீர் கட்டும் வேலை யார் தலையில் விழுந்தது, கண்மாய் மீனில் யாருக்கு முதல் உரிமை என்று கேட்டால், ‘ஊர்’ என்ற சொல்லுக்குள் யார் அடங்கவில்லை என்பது தெரிந்துவிடும். சமூகத்திடம் ஒப்படைத்துவிட்டால் நியாயம் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு இது வலுவான மறுப்பு.

நகரத்தில் இதே சிக்கல் வேறு வடிவில் வருகிறது. பெங்களூரு ஏரிகளை நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் ஹரிணி நாகேந்திரா, கைக்கொண்டரஹள்ளி போன்ற ஏரிகளைக் குடியிருப்போர் முயன்று மீட்டதை ஆவணப்படுத்தியிருக்கிறார். மீட்கப்பட்ட ஏரிகளில் நடைப்பயிற்சிக்கு வருபவர்களுக்கு இடம் கிடைக்கிறது. தீவனப் புல் அறுப்பவர்களுக்கும் மாடு கழுவுபவர்களுக்கும் துணி வெளுப்பவர்களுக்கும் பல இடங்களில் அந்த உரிமை சுருங்கிவிடுகிறது என்பதும் அவ்வாய்வுகளில் தெரியவருகிறது. குடியிருப்போர் சங்கம் என்பது பெரும்பாலும் வீட்டுச் சொந்தக்காரர்களின் சங்கம். தமிழ்நாட்டில் 2022இல் வார்டு குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் விதிகள் வந்தன. கிராம சபைக்கு நிகரான ஒரு வாய் நகரத்துக்குக் கிடைத்தது. வாடகைக்கு இருப்பவரும் தள்ளுவண்டிக்காரரும் அதில் எவ்வளவு பேச முடிகிறது என்பதைப் பொறுத்தே அதன் மதிப்பு அமையும்.

பசுமையின் விலை

ஐந்தாவது நிலைப்பாடு மற்ற நான்கையும் ஐயத்தோடு பார்க்கிறது. பசுமை கூடினால் நிலத்தின் விலை கூடும். விலை கூடினால் ஏழைகள் வெளியேற நேரும். ஆகவே யாருக்காகப் பூங்கா போடப்பட்டதோ அவர்கள் அதை அனுபவிக்க அங்கே இருக்கமாட்டார்கள். நியூயார்க்கில் கைவிடப்பட்ட இரயில் பாலத்தின் மீது 2009இல் திறக்கப்பட்ட ஹை லைன் பூங்கா இதற்குக் குறியீடாகிவிட்டது. அண்டை அயலில் இருந்த எளிய மக்களுக்கு அது உரியபடி பயன்படவில்லை என்று அதைத் தொடங்கியவர்களில் ஒருவரே 2017இல் ஒப்புக்கொண்டார். புரூக்ளினின் கிரீன்பாயின்ட் பகுதியை ஆராய்ந்த வினிஃபிரெட் கரனும் டிரினா ஹாமில்டனும் ‘போதுமான அளவு பசுமை’ என்ற உத்தியை 2012இல் விவரித்தனர்: நச்சு மண்ணைத் தூய்மைப்படுத்து, தொழிலாளர்களின் வேலையிடங்களைக் காப்பாற்று, ஆடம்பரப் பூங்கா வேண்டாம். ஏழைகளுக்குக் குறைவான பசுமையே போதும் என்று இது மறைமுகமாகச் சொல்வதாக எதிர்வாதமும் உண்டு. அந்த எதிர்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

இந்தியாவில் வெளியேற்றம் வாடகை ஏற்றத்தின் வழியாக மெல்ல நடப்பதைவிட, அரசின் ஆணை வழியாக ஒரே நாளில் நடப்பதே மிகுதி. டெல்லி நிகழ்வுகளை முன்வைத்து அமிதா பாவிஸ்கர் இதை ‘பூர்ஷுவா சூழலியம்’ என்று அழைத்தார்: தூய்மையும் பசுமையும் கேட்கும் நடுத்தர வகுப்பின் குரல், குடிசைகளை அகற்றும் ஆணையாக மாறுவது.

சென்னையில் இதன் வடிவம் தனித்துவமானது. கூவம், அடையாற்றுக் கரைக் குடியிருப்புகளை அகற்றும் வேலை 2015 வெள்ளத்துக்குப் பின் வேகமெடுத்தது. ஆற்றைச் சீரமைக்க வேண்டும், வெள்ளத்திலிருந்து மக்களைக் காக்க வேண்டும் என்ற இரண்டு காரணங்களும் மறுக்க முடியாதவை. ஆனால் அகற்றப்பட்டவர்களில் பலர் போய்ச் சேர்ந்த இடம் பெரும்பாக்கம்; அதற்கு முன் அனுப்பப்பட்டவர்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி. இவை பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதிகள். ஒருகாலத்தில் 50 சதுர கிலோமீட்டர் அளவுக்குப் பரந்திருந்ததாக மதிப்பிடப்படும் அச்சதுப்பு, குப்பைக்கிடங்குக்கும் சாலைக்கும் கல்வி நிலையங்களுக்கும் தகவல் தொழில்நுட்ப வளாகங்களுக்கும் இடம் கொடுத்துச் சுருங்கியது. ஓர் ஆற்றைக் காக்க அகற்றப்பட்ட மக்கள், இன்னொரு நீர்நிலத்தின் வெள்ளத்தில் குடிவைக்கப்பட்டனர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பின் அப்பகுதியில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது.

எஞ்சிய சதுப்பில் 1,247 ஹெக்டேர் 2022இல், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அந்த எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள், உரிய ஆய்வு முடியும்வரை புதிய கட்டட அனுமதி கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2025இல் ஆணையிட்டது. சதுப்பைக் காப்பதில் இது முக்கியமான படி. வாழ்நாள் சேமிப்பில் மனை வாங்கியவர்களுக்கு இது என்ன சொல்கிறது, அரசே கட்டிக் குடிவைத்த அடுக்குமாடிகளை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்ற கேள்விகளும் கூடவே வந்து நிற்கின்றன.

வெளியேற்றம் நடக்காத இடத்திலும் விலக்கல் நடக்கலாம். 2024 அக்டோபரில் கதீட்ரல் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவுக்குப் பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் நூறு ரூபாய் என வைக்கப்பட்டது. நான்கு பேர் குடும்பம் ஒரு மாலை போய்வர ஆகும் செலவைக் கணக்கிட்டால், யாருக்கான பூங்கா என்பதைக் கட்டணமே சொல்லிவிடும். பராமரிப்புக்குப் பணம் வேண்டுமே என்ற பதில் நியாயமானது. கட்டணமில்லாத பூங்காவும் எல்லோருக்கும் திறந்துவிடுவதில்லை. காலையும் மாலையும் திறந்து நண்பகலில் பூட்டுவது பல பூங்காக்களில் நெடுநாள் வழக்கமாக இருந்தது. நடைப்பயிற்சிக்கு வருபவருக்கு அது பொருந்தியது. உச்சி வெயிலில் நிழல் தேடும் தூய்மைப் பணியாளருக்கும் உணவு கொண்டுசெல்லும் இளைஞருக்கும் பூட்டிய கதவுக்கு வெளியே நடைபாதையே கதியாக இருந்தது.

எது தெளிவு, எது திறந்திருக்கிறது

ஐந்து நிலைப்பாடுகளையும் சேர்த்துப் பார்த்தால் சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். அருகில் உள்ள சிறிய பசுமைவெளி, தொலைவில் உள்ள பெரிய பூங்காவைவிட எளியவர்களின் அன்றாடத்துக்கு அதிகம் உதவுகிறது. இருக்கும் நீர்நிலையைக் காப்பது, அதை இழந்துவிட்டுப் புதிய பூங்கா அமைப்பதைவிட மலிவானது, பெரும்பாலும் பயனுள்ளதும்கூட. சட்டப் பாதுகாப்பும் தொடர் கண்காணிப்பும் இல்லாத பொது வெளி, தனியாரிடம் மட்டுமின்றி அரசிடமும் பறிபோகும்.

இன்னும் தீராதவை இவற்றைவிடக் கடினமானவை. தென்னிந்திய நகரங்களில் பசுமைக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பை, வருமானத்தையும் வெயிலையும் நெரிசலையும் பிரித்தறிந்து அளந்த நீண்டகால ஆய்வுகள் மிகக் குறைவு. பூங்காவால் நம் நகரங்களில் வாடகை எவ்வளவு ஏறுகிறது, யார் இடம்பெயர்கிறார்கள் என்பதற்கும் மேலை நாடுகளின் சான்றையே கடன் வாங்குகிறோம். வெள்ளப் பாதையில் வாழும் ஏழைகளை அங்கேயே விடுவதும் ஆபத்து, அகற்றுவதும் அநீதி என்ற முடிச்சை எந்தக் கோட்பாடும் அவிழ்க்கவில்லை. வேலையிடத்துக்கு அருகே மாற்று வீடு தருவதுதான் நியாயமான வழி என்று பலரும் ஒப்புகின்றனர். நகருக்குள் அதற்கான நிலம் எது என்று கேட்டால், ஒப்புதல் அங்கேயே நின்றுவிடுகிறது. பறவைக்கான ஏரியும் மக்களுக்கான ஏரியும் எந்த அளவுக்கு ஒரே ஏரியாக இருக்க முடியும் என்பதும் இடத்துக்கு இடம் சோதித்துத்தான் தெரிய வேண்டும்.

இந்த ஐந்தில் ஒன்றை மட்டும் தேர்ந்து மற்றவற்றைத் தள்ளுவதற்குச் சான்றுகள் இடம்தரவில்லை. ஆனால் வரிசை முக்கியம். நீரோட்டமும் நிலஉரிமையும் முதலில் தீர்க்கப்பட வேண்டியவை. பரப்பளவும் கன்றுகளின் எண்ணிக்கையும் அதன் பின் வர வேண்டியவை. நம் நடைமுறை இதைத் தலைகீழாகச் செய்துவருகிறது: எண்ணில் தொடங்கி, வடிவமைப்புக்குப் போய், நீரையும் மக்களையும் வழக்கு வந்த பிறகே கவனிக்கிறது. இனி ஒவ்வொரு பூங்கா, ஏரித் திட்ட அறிக்கையிலும், தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகும், யாருடைய பயன்பாடு நிற்கும், யார் இடம்பெயர்வர், கதவு எந்நேரம் யாருக்குத் திறக்கும் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். பணி ஒப்பந்தம் போடும் முன் பகுதி சபையில் அது வாசிக்கப்பட வேண்டும். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. மாநகராட்சிகள் மனம் வைத்தால் போதும்.